பத்தியம் என்னும் சொல்லும் புண் ஆறும் காலத்து உணவும்

ஆய்வுச் சுருக்கம்

மரு நீக்கல், கட்டி கீறல், திசு ஆய்வுக்காகத் தோலைச் சிறிதளவு எடுத்தல் போன்ற சிறு தோல் அறுவைகளுக்குப் பின் தமிழ்க் குடும்பங்களில் 'பத்தியம்' கடைப்பிடிக்கப்படுகிறது. பருப்பு, முட்டை, மீன், கத்தரிக்காய் முதலியவை புண்ணைச் சீழ் பிடிக்கச் செய்யும் என்று கருதி விலக்கப்படுகின்றன. பத்தியம் என்னும் சொல் தகுதியான உணவு என்ற பொருளிலிருந்து விலக்கு என்ற பொருளுக்குச் சுருங்கியதையும், சித்த மருத்துவத்தில் மருந்தைச் சார்ந்திருந்த விலக்கு புண்ணைச் சார்ந்த விலக்காக இடம்பெயர்ந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது. புண் ஆறுவதற்கு வேண்டிய ஊட்டச்சத்துகள் குறித்த இன்றைய அறிவோடு இம்மரபை ஒப்பிட்டு, மரபின் எப்பகுதி கொள்ளத்தக்கது, எப்பகுதி தள்ளத்தக்கது என்பதை வரையறுக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பத்தியம், இச்சாபத்தியம், கரப்பான் பண்டம், புண் ஆறுதல், புரதம், திருக்குறள் மருந்து அதிகாரம்.

முன்னுரை

தோலில் செய்யப்படும் சிறு அறுவை பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. அவ்விடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி ஒன்று, சிறிய கீறல், இரண்டு மூன்று தையல், மேலே ஒரு கட்டு ஆகியவற்றோடு நோயாளி அன்றே வீடு திரும்புகிறார். மருத்துவமனையில் பேசப்படாத ஒரு வினா வீட்டு வாசலிலேயே எழுகிறது. என்ன சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்பதே அவ்வினா. அதற்கு விடை கூறுவோர் வீட்டின் மூத்தோர். அவர்கள் கூறும் விடை பெரும்பாலும் விலக்குப் பட்டியலாக அமைகிறது.

அப்பட்டியலில் இடம்பெறும் பருப்பு, முட்டை, மீன் ஆகிய மூன்றும் ஓர் எளிய குடும்பத்தின் புரதத் தேவையைப் பெரிதும் நிறைவு செய்வன. அவற்றை நீக்கினால் எஞ்சுவது இரசச் சோறும் மோர்ச் சோறும் கஞ்சியுமே. உடல்நலம் மிக்க இளைஞருக்கு நான்கைந்து நாள் இவ்வாறு உண்பதால் பெருங்கேடு விளைவதில்லை. முதுமையால் தளர்ந்தவர், நீரிழிவு உடையவர், முன்னரே உடல் மெலிந்தவர் ஆகியோர் வாரக்கணக்கில் இவ்வாறு உண்ணும்போது புண் ஆறுவது தாமதமாகலாம். ஆறாத புண்ணைக் கண்டு விலக்கு மேலும் கடுமையாக்கப்படுவதும் உண்டு. ஆகவே இச்சொல்லின் பொருள் வரலாற்றை ஆராய்வது சொல்லாய்வு என்ற அளவில் நில்லாது, மக்கள் நலனோடும் தொடர்புடையதாகிறது.

1. சங்கப் பாடல்களில் புண் பேணல்

புண்ணுக்குரிய பத்தியம் சங்க காலம் தொட்டு வருவது என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. கிடைக்கும் சான்றுகளில் புண் பேணலைத் தெளிவாகக் காட்டும் பாடல்களை நோக்கின் இக்கூற்று உறுதிப்படவில்லை.

அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாடல் போரில் புண்பட்ட தலைவனின் இல்லத்தைக் காட்டுகிறது. இரவமும் வேம்பும் மனையில் செருகப்படுகின்றன. யாழும் பல இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. மை பூசப்படுகிறது, ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, காஞ்சிப் பண் பாடப்படுகிறது, நறும்புகை எழுப்பப்படுகிறது. புண்பட்டவன் என்ன உண்டான், எதைத் தவிர்த்தான் என்பது பற்றிப் பாடலில் குறிப்பில்லை. பரணர் பாடிய பதிற்றுப்பத்தின் 42ஆம் பாடல் நீண்ட ஊசியால் தைக்கப்பட்ட மார்பின் தழும்பைக் கூறுகிறது. மீனைப் பிடிக்க நீரில் மூழ்கி எழும் சிரல் பறவை அவ்வூசிக்கு உவமையாகிறது. தையல் என்னும் அறுவை நுட்பம் அக்காலத்தில் அறியப்பட்டிருந்தது என்பதற்கு இது வலிய சான்று. இப்பாடலிலும் உணவு விலக்கு இல்லை.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. புண்பட்டவனைக் காக்கும் பொருளாகப் புறநானூற்றில் வரும் சிறுகடுகின் இனமான கடுகு, பிற்காலச் சித்த மருத்துவ நூல்களின் விலக்குப் பட்டியலில் இடம்பெறுகிறது. முன்னது தூவும் பொருள். பின்னது உண்ணும் பொருள். ஆகவே இவை ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஆயினும் புண் பேணலின் மையம் ஒரு காலத்தில் புறச்சூழலாகவும் பின்னர் உணவாகவும் அமைந்ததை இது உணர்த்துகிறது.

2. பத்தியம்: சொல்லும் பொருளும்

பத்தியம் வடசொல். வழி என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, வழிக்கு உரியது, தகுதியானது, நன்மை தருவது என்னும் பொருள்களைப் பெற்றது. இதன் எதிர்ச்சொல் அபத்தியம். ஆகவே மூலப் பொருளில் பத்தியம் உண்ணத்தக்கதையும் அபத்தியம் விலக்கத்தக்கதையும் குறித்தன.

தமிழ் வழக்கில் அபத்தியம் பெரிதும் வழக்கிழந்தது. அது சுட்டிய விலக்கின் பொருளையும் பத்தியம் என்ற ஒரே சொல் ஏற்றுக்கொண்டது. இம்மாற்றத்தைச் சொற்சேர்க்கைகள் தெளிவாகக் காட்டுகின்றன. 'பத்தியம் இருத்தல்' என்பது 'நோன்பு இருத்தல்', 'பட்டினி இருத்தல்' ஆகியவற்றின் அமைப்பை ஒத்தது. 'பத்தியம் காத்தல்', 'பத்தியம் முறித்தல்' ஆகிய தொடர்களும் விரதத்தின் சொல்லாட்சியைச் சார்ந்தவை. இத்தொடர்களில் பத்தியம் என்பது உண்ணும் பொருளாகக் கருதப்படாமல், காக்கவும் முறிக்கவும் கூடிய ஒரு கட்டுப்பாடாகவே கருதப்படுகிறது.

பழைய பொருள் முற்றிலும் மறையவில்லை. மகப்பேற்றுக்குப் பின் தாய்க்குக் கொடுக்கப்படும் உணவைக் குறிக்கும் 'பத்தியச் சாப்பாடு', 'பத்தியக் கறி' ஆகியவற்றில் அது உயிரோடு இருக்கிறது. தமிழகத்தின் பல பகுதிகளில் பூண்டும் பால்சுறாவும் கருவாடும் தாய்க்குப் பத்தியமாகச் சமைத்துத் தரப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் மிளகு, சீரகம், மல்லி முதலியவற்றை அரைத்து மீனோ கோழியோ சேர்த்துக் காய்ச்சும் சரக்குக் கறி பத்தியக் கறியாகவே வழங்குகிறது. இங்குப் பத்தியம் என்றால் ஊட்டும் உணவு. ஒரே வீட்டில், ஒரே சொல்லால், பிள்ளை பெற்றவளுக்கு மீன் கொடுக்கப்படுகிறது. மரு எடுத்தவருக்கு மீன் மறுக்கப்படுகிறது. குழந்தை ஈன்ற தாயின் உடலும் ஒருவகையில் ஆறவேண்டிய உடலே. ஆதலின் இம்முரண், விலக்கை மட்டும் மரபாகக் கொள்ளும் பார்வையை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து' இவ்விடத்தில் துணை செய்கிறது. இவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களில் பெரும்பாலானவை உணவின் அளவைப் பற்றியவை. முதற்குறள் மிகுதியோடு குறைவையும் நோய்க்குக் காரணமாகச் சேர்த்தே கூறுகிறது. உணவும் செயலும் ஒருவனுடைய உடற்கூற்றுக்கு ஒத்த அளவினவாக இல்லாமல் மிகுதலையும் குறைதலையும் அக்குறள் சுட்டுவதாகப் பரிமேலழகர் உரை கொள்கிறது. 949ஆம் குறள், மருத்துவன் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செயற்படவேண்டும் என்கிறது. யாவர்க்கும் எப்புண்ணுக்கும் பொதுவான ஒரே விலக்குப் பட்டியல் இவ்வரையறையோடு பொருந்துவதில்லை.

3. மருந்தைச் சார்ந்த விலக்கு

சித்த மருத்துவம் அகமருந்து 32 என்றும் புறமருந்து 32 என்றும் வகுக்கிறது. புறமருந்துகளுள் கட்டு, பற்று, களிம்பு, சீலை, காரம், சுட்டிகை, கீறல், அட்டைவிடல், குருதி வாங்கல், அறுவை ஆகியவை அடங்கும். இன்றைய சிறு தோல் அறுவைகளுக்கு நெருங்கியவை இவற்றுள் கீறலும் காரமும் சுட்டிகையும் அறுவையுமாகும்.

பத்தியத்திலும் வகைகள் உண்டு. இச்சாபத்தியம் என்னும் வகையில் கடுகு, நல்லெண்ணெய், தேங்காய், மா, பலா, பெருங்காயம், வெள்ளுள்ளி, பாகல், அகத்தி ஆகிய உணவுப் பொருள்களோடு புகையிலை, மது, உடலுறவு ஆகியவையும் விலக்கப்படுகின்றன. உப்பையும் புளியையும் நீக்கும் கடும்பத்தியம் வேறு. மருந்துண்ணும் காலம் முடிந்தபின் சில நாள்கள் தொடரும் மறுபத்தியமும் உண்டு.

இவ்வகைகளில் மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவதாக, பத்தியம் உணவோடு நில்லாது வாழ்முறை முழுவதையும் தழுவியது. இரண்டாவதாக, அதற்கு எல்லை உண்டு. மருந்து தொடங்கும்போது தொடங்கி, மறுபத்தியத்தோடு முடிகிறது. மூன்றாவதாக, அது பெரிதும் உட்கொள்ளும் மருந்தைச் சார்ந்தது. பற்பம், செந்தூரம் போன்ற வீரியமிக்க மருந்துகளுக்குப் பத்தியம் கடுமையாக விதிக்கப்பட்டது. அகத்தியும் பாகலும் மருந்தை முறிக்கும் என்னும் வழக்கு இன்றும் மக்களிடையே உண்டு. இங்கு முறிக்கப்படுவது மருந்தின் ஆற்றல். புண் ஆறுவதைத் தடுக்கும் என்பது இவ்வழக்கின் கருத்தன்று.

இன்றைய வீட்டு வழக்கில் இவ்வுறவு அறுந்துவிட்டது. பற்பமோ செந்தூரமோ உண்ணாத ஒருவர், தோலில் சிறு கீறல் ஒன்று பட்டதற்காக, அம்மருந்துகளுக்குரிய விலக்கை ஏற்கிறார். மருந்து நீங்கியபின்னும் அதற்குரிய விலக்கு மட்டும் எஞ்சி, புண்ணுக்கு உரியதாக இடம்பெயர்ந்துள்ளது எனலாம்.

மருந்தைச் சார்ந்த விலக்கு என்னும் கருத்தோ இன்றும் வலுவுடையது. டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லியைப் பாலோடு உட்கொண்டால் பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிணைத்து, குடல் அதனை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் இவ்வாறே செய்யும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உண்பவர் கீரையை ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் அறவே இன்றியும் உண்டால், கீரையிலுள்ள உயிர்ச்சத்து 'கே'யின் ஏற்றத்தாழ்வால் மருந்தின் செயல் மாறுபடும். ஆகவே அவர்கள் கீரையை ஒரே அளவில் உண்ணுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். மருந்தையும் உணவையும் இணைத்து நோக்கிய பழைய பத்தியத்தின் தருக்கம் இன்றைய மருந்தியலில் இவ்வாறு தொடர்கிறது.

4. கரப்பானும் சீழும்

வீட்டு வழக்கின் மற்றொரு வேர் 'கரப்பான் பண்டம்' என்னும் கருத்து. கரப்பான் என்பது சொறி, படை முதலிய தோல் வெடிப்புகளைக் குறிக்கும். அவற்றைத் தூண்டுவதாகக் கருதப்படும் கத்தரிக்காய், கருவாடு, சோளம், கம்பு முதலியவை கரப்பான் பண்டங்கள் எனப்படுகின்றன. பொருள்களின் குணங்களை விரித்துரைக்கும் பதார்த்த குண சிந்தாமணி போன்ற நூல்கள் இத்தகைய வகைப்பாட்டுக்கு இடமளித்தவை.

தோல் நோய் உடையவருக்குச் சில உணவுகள் அரிப்பை உண்டாக்குவது உண்மையே. இறால், நண்டு, முட்டை, நிலக்கடலை ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உடையவர்கள் உளர். அவர்கள் அவற்றை எக்காலத்தும் தவிர்க்கவேண்டும். அரிப்பால் சொறிந்தால் தையல் பிரியவும் அழுக்கு நுழையவும் கூடும் என்பதால், புண் உள்ளபோது இவ்விலக்கு மேலும் இன்றியமையாததாகிறது. ஆனால் ஒருவருக்குரிய ஒவ்வாமையைப் பிற யாவர்க்கும் விதியாக்கும்போது பிழை தோன்றுகிறது.

இவ்விதி வலுப்பெற்றதற்கு இயல்பான காரணம் ஒன்று உண்டு. ஆறத் தொடங்கும் புண்ணில் அரிப்பு எடுக்கும். அவ்விடத்தில் வெளிப்படும் ஹிஸ்டமின் முதலிய பொருள்களும் புதிதாக வளரும் நரம்பிழைகளும் தோலின் இறுக்கமும் அதற்குக் காரணம். சில நாள் கழிந்து அரிப்புத் தோன்றும்போது, முந்தைய நாள் உண்ட கத்தரிக்காய் நினைவுக்கு வருகிறது. ஆறுதலின் அடையாளம் உணவின் தீங்காகப் படிக்கப்படுகிறது.

சீழைப் பற்றிய கருத்தும் இத்தகையதே. பருப்பு சீழ் வைக்கும் என்பது தமிழகத்தில் பரவலாக நிலவும் நம்பிக்கை. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880களின் தொடக்கத்தில் சீழ்க்கட்டிகளில் திராட்சைக் குலை போன்ற நுண்ணுயிர்களைக் கண்டு, அவற்றுக்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் எனப் பெயரிட்டார். சீழ் என்பது இத்தகைய கிருமிகளை எதிர்த்து மடிந்த வெள்ளணுக்களும் சிதைந்த திசுக்களும் கலந்த நீர்மம். பருப்போ முட்டையோ உண்பதால் அக்கிருமிகள் புண்ணுக்குள் நுழைவதில்லை. கழுவாத கை, நனைந்த கட்டு, சுத்தமற்ற துணி, கட்டுப்படாத இரத்தச் சர்க்கரை ஆகியவையே உண்மையில் அஞ்சத்தக்கவை.

நோயுற்றவரைக் குறைவாக உண்ணச் செய்யும் வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய மருத்துவமும் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை காய்ச்சலுக்கும் அழற்சிக்கும் உணவைக் குறைத்தது. காய்ச்சலுற்றவருக்கு உணவு கொடுக்கவேண்டும் என்று டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் வற்புறுத்தியது அக்காலத்தில் மாற்றுக் கருத்தாகவே இருந்தது. மலாய் மக்களிடையே 'பந்தாங்' என்னும் விலக்கு உண்டு. புண்ணுக்குப்பின் முட்டை, கடலுணவு ஆகியவற்றைத் தவிர்க்கும் வழக்கம் தென்கிழக்காசியாவின் பல பகுதிகளில் காணப்படுகிறது. காரணம் புலப்படாத ஒரு துன்பத்தை, கைக்கெட்டும் உணவின்மூலம் ஆளமுயலும் பொதுப் பண்பை இவ்வழக்குகளில் காணலாம்.

5. புண் ஆறும் முறையும் ஊட்டச்சத்தும்

புண் நான்கு நிலைகளில் ஆறுகிறது. முதலில் இரத்தம் உறைந்து வாய் அடைகிறது. அடுத்த சில நாள்களில் அழற்சி ஏற்பட்டு, வெள்ளணுக்கள் அழுக்கையும் கிருமியையும் அகற்றுகின்றன. அதன்பின் புதுத்தசையும் நுண்ணிய இரத்தக்குழாய்களும் மேல்தோலும் வளர்கின்றன. இறுதி நிலையில் தழும்பு உருவாகி மாதக்கணக்கில் சீரடைகிறது. முகத்தில் இட்ட தையல் பொதுவாக 5 முதல் 7 நாளிலும், முதுகிலும் கைகால்களிலும் இட்ட தையல் 10 முதல் 14 நாளிலும் பிரிக்கப்படுகிறது. அந்நிலையில் தோல் தன் பழைய வலிமையில் சிறுபகுதியையே பெற்றிருக்கும். மூன்று மாதம் கழிந்தும் ஏறத்தாழ 80 விழுக்காட்டையே அது எட்டுகிறது. ஆகவே தையல் பிரித்ததோடு உணவின் பணி முடிவதில்லை.

புதுத்தசைக்கு வலிமை தருவது கொலாஜன் என்னும் புரத இழை. அதை உருவாக்க உணவிலிருந்து புரதம் வேண்டும். அவ்விழை முறுக்கேறி உறுதிபெற உயிர்ச்சத்து 'சி' வேண்டும். அணுக்கள் பெருகத் துத்தநாகமும், மேல்தோல் வளர உயிர்ச்சத்து 'ஏ'யும், ஆக்சிஜனைச் சுமந்துசெல்ல இரும்புச்சத்தும் துணைபுரிகின்றன. போதிய மாவுச்சத்தும் கொழுப்பும் இல்லையெனில் உடல் புரதத்தையே எரிபொருளாக்கிக்கொள்ளும்.

உயிர்ச்சத்து 'சி'யின் பங்கினைக் காட்டும் வரலாற்றுச் சான்றுகள் இரண்டு. 1740 முதல் 1744 வரை ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றிய ஆங்கிலக் கப்பல்களில் ஸ்கர்வி நோய் பரவியது. 1690இல் பாய்ன் போரில் புண்பட்ட முதிய வீரர் ஒருவருடைய, அரை நூற்றாண்டுக்கு முன் ஆறிய புண்கள் மீண்டும் திறந்தன என்று அப்பயண நூல் பதிவுசெய்கிறது. தழும்பும் இடைவிடாமல் புதுப்பிக்கப்படும் உயிர்த்திசு என்பது இதனால் விளங்குகிறது.

மற்றொரு சான்று பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஜான் கிராண்டன் தம்மீதே நிகழ்த்திய ஆய்வு. 1939இல் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் உயிர்ச்சத்து 'சி' இல்லாத உணவை உண்ட அவர், தம் முதுகில் இருமுறை கீறல் இடச்செய்தார். மூன்றாம் மாதத்தில் இட்ட கீறல் இயல்பாக ஆறியது. ஆறாம் மாதத்தில் இட்டது உள்ளே ஆறவில்லை. உயிர்ச்சத்து 'சி' செலுத்தப்பட்டபின் ஆறியது. 1940இல் வெளியான இவ்வாய்வு இருபுறமும் பொருள் தருகிறது. ஊட்டம் நீண்டநாள் அற்றுப்போனால் புண் ஆறாது. அதே வேளையில், நன்கு உண்டு வந்த ஒருவரின் சிறு புண், சில நாள் குறைபாட்டால் ஆறாமல் போவதில்லை. ஆகவே சிறு அறுவைக்குப்பின் விலையுயர்ந்த சத்துமாவோ மாத்திரையோ பெரும்பாலோர்க்கு வேண்டியதில்லை. வழக்கமான நல்லுணவைக் குறைக்காதிருந்தாலே போதும்.

6. ஒரு நாள் உணவின் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது ஏறத்தாழ 46 கிராம். உயிர்ச்சத்து 'சி' பெண்ணுக்கு 65 மில்லிகிராம், ஆணுக்கு 80 மில்லிகிராம்.

விலக்குப் பட்டியலைக் கடைப்பிடிக்கும் பெண் ஒருவர் ஒரு நாளில் 250 கிராம் அரிசியைச் சோறாகவும் கஞ்சியாகவும், அதனோடு இரசத்தையும் இரண்டு குவளை நீர்மோரையும் உட்கொள்வதாகக் கொள்வோம். அரிசியிலிருந்து ஏறத்தாழ 19 கிராமும் மோரிலிருந்து 2 அல்லது 3 கிராமும் புரதம் கிடைக்கும். மொத்தம் 22 கிராம். இது தேவையில் பாதியைக்கூட எட்டவில்லை. மேலும் அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. அக்குறையை நிரப்பும் பருப்பே இங்கு விலக்கப்பட்டுள்ளது.

அதே அளவு அரிசியோடு 50 கிராம் பருப்பைச் சாம்பாராகவோ கூட்டாகவோ சேர்த்தால் 11 கிராமும், கால் லிட்டர் பாலையோ தயிரையோ சேர்த்தால் 8 கிராமும், இரண்டு முட்டையால் 13 கிராமும் கூடுகின்றன. மொத்தம் ஏறத்தாழ 51 கிராம். முட்டை உண்ணாதவர் 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக உண்டால் ஏறத்தாழ 10 கிராம் பெறலாம். மீன் உண்பவருக்கு 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் கிடைக்கிறது.

உயிர்ச்சத்து 'சி'க்குக் கொய்யா ஒன்றே போதும். அதன் 100 கிராமில் 200 மில்லிகிராம் அளவு உள்ளது. நெல்லிக்காயும் அத்தகையதே. எலுமிச்சையும் இவ்வுயிர்ச்சத்தைத் தரும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிவது நன்று; நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் இவ்வுயிர்ச்சத்து அழியும். முருங்கைக்கீரை, காரட், பப்பாளி ஆகியவை உயிர்ச்சத்து 'ஏ'க்கும், எள், நிலக்கடலை, பயறு வகைகள் துத்தநாகத்துக்கும் உதவும். நோயாளி விரும்பும் கஞ்சியைக் கைவிட வேண்டியதில்லை. அதில் பாசிப்பயற்றைச் சேர்த்துக் காய்ச்சினால் போதுமானது. இட்லியும் சாம்பாரும் உளுந்தையும் துவரையையும் எளிதில் செரிக்கும் வடிவில் தருகின்றன.

நீரிழிவு உடையவருக்குக் கஞ்சியும் இரசச் சோறும் மட்டுமான உணவு இருவகையில் தீங்கு தரும். புரதம் குறைவதோடு, மாவுச்சத்து விரைந்து செரித்து இரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது. உயர்ந்த சர்க்கரை வெள்ளணுக்களின் செயலைத் தளர்த்திக் கிருமித் தொற்றுக்கு வழிசெய்யும். சிறுநீரக நோய் உடையவருக்கோ புரத அளவை மருத்துவரே வரையறுக்கவேண்டும். நோயாளியின் அளவை எண்ணவேண்டும் என்னும் குறளின் நெறி இங்குப் பொருந்துகிறது.

7. விலக்கத்தக்கவை

விலக்கே வேண்டாம் என்பது இவ்வாய்வின் முடிவன்று. புகையிலையிலுள்ள நிகோடின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. புகை இரத்தத்தின் ஆக்சிஜனைக் குறைக்கிறது. புகைப்பவரின் புண் தாமதமாக ஆறுவது நன்கு அறியப்பட்டது. மது முதல் ஓரிரு நாளில் இரத்தக் கசிவை மிகுவிக்கலாம். சில மருந்துகளோடு ஒவ்வாது. இச்சாபத்தியப் பட்டியலில் இன்றைய அறிவோடு முழுமையாக ஒத்துப்போகும் இவ்விரண்டும், வீட்டு வழக்கில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கத்தரிக்காயைத் தவிர்த்துவிட்டு வெற்றிலையோடு புகையிலை போடுபவர் பத்தியம் காத்தவராகக் கருதப்படுகிறார். மரபு வலியுறுத்தியது நழுவ, பிறிதொன்று எஞ்சியதற்கு இது சான்று.

உதட்டிலோ வாயருகிலோ அறுவை செய்யப்பட்டிருப்பின், மிகு சூடும் காரமும் முறுக்கு போன்ற கடினப் பண்டங்களும் சில நாள் தவிர்க்கத்தக்கன. இது உணவின் குணத்தைப் பற்றியதன்று. தையல் இழுபடுவதையும் எரிச்சலையும் பற்றியது. சமையலில் சேரும் அளவுப் பூண்டினால் தீங்கில்லை. பூண்டு, மீனெண்ணெய் முதலியவற்றை மாத்திரையாக உண்பவர் அதனை மருத்துவரிடம் அறுவைக்கு முன்னரே தெரிவிக்கவேண்டும்.

8. அறிவுரையின் மொழி

மருத்துவமனைகள் தரும் தமிழ் அறிவுரைகளில் 'பத்தியம் இல்லை' என்னும் தொடர் வழங்குகிறது. மருத்துவர் இதனை எல்லாம் உண்ணலாம் என்னும் பொருளில் கூறுகிறார். மூத்தோரோ, சிறப்பான விலக்கு எதுவும் புதிதாகச் சொல்லப்படவில்லை, வழக்கமான விலக்கைத் தொடரலாம் என்று பொருள்கொள்ள இடமுண்டு. விலக்கைக் குறிக்கும் சொல்லை மறுப்பதால் ஊட்டத்தைக் குறிக்கும் செய்தி சென்றுசேர்வதில்லை.

இதற்குப் பதிலாகப் பத்தியம் என்னும் சொல்லை அதன் பழைய பொருளிலேயே ஆளலாம். 'புண் ஆறும்வரை பத்தியம்: நாள்தோறும் பருப்பு, முட்டை அல்லது மீன், கீரை, ஒரு கொய்யா அல்லது நெல்லிக்காய். விலக்கு: புகையிலை, மது, தமக்கு ஒவ்வாத உணவு' என எழுதினால், மூத்தோரின் மரபுணர்வும் மதிக்கப்படுகிறது, நோயாளியும் ஊட்டம் பெறுகிறார். மகப்பேற்றுப் பத்தியத்தை அறிந்த எந்தத் தமிழ்க் குடும்பத்திற்கும் இப்பொருள் புதிதன்று.

தொகுப்புரை

1. புறநானூறு 281, பதிற்றுப்பத்து 42 ஆகிய பாடல்கள் புண் பேணலையும் தையலையும் காட்டுகின்றன; புண்ணுக்குரிய உணவு விலக்கை அவை கூறவில்லை.

2. பத்தியம் என்னும் சொல் தகுதியான உணவு என்னும் பொருளிலிருந்து விலக்கு என்னும் பொருளுக்குச் சுருங்கியது. மகப்பேற்று வழக்கில் பழைய பொருள் இன்றும் நிலைத்துள்ளது.

3. சித்த மருத்துவத்தில் விலக்கு பெரிதும் உட்கொள்ளும் மருந்தையும் கால எல்லையையும் சார்ந்தது. மருந்து இல்லாத இடத்தில் அவ்விலக்கைப் புண்ணின்மேல் ஏற்றுவது பிற்கால இடப்பெயர்ச்சி.

4. பருப்பும் முட்டையும் மீனும் சீழை உண்டாக்குவதில்லை. புதுத்தசை வளரத் தேவையான புரதத்தைத் தருகின்றன. ஒவ்வாமை உடையவர்க்கு மட்டுமே விலக்கு பொருந்தும்.

5. இச்சாபத்தியம் விலக்கிய புகையிலையும் மதுவும் இன்றும் விலக்கத்தக்கன.

6. மருத்துவ அறிவுரைகளில் பத்தியம் என்னும் சொல்லை உண்ணவேண்டிய உணவு என்னும் பொருளில் மீட்டெடுத்து ஆள்வது, முதியோரும் நீரிழிவு உடையோரும் புண் ஆறும் காலத்தில் ஊட்டம் இழப்பதைத் தடுக்கத் துணைபுரியும்.